சிவந்த மூன்று கற்கள்

கிரெஸென்ஸ் ஹவுப்னரை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. பங்குக் கோயிலைக் கூட்டித் துடைத்து, மணியடித்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் கோயில்பிள்ளை அவள். சேற்றுச் செருப்போடு வந்தால் பங்குத்தந்தையையே வாசலில் நிறுத்திவிடுவாள்.

கோபுரத்தின் அடிப்பகுதி எண்ணூறு வருடத்து மஞ்சள் மணற்கல். சுவரின் கனத்தில் ஓர் ஆள் படுக்கலாம். மேலே இருந்த வெங்காயக் குவிமாடம் 1945 ஏப்ரலில், போர் முடியப்போகிற நேரத்தில் போய்விட்டது. இப்போது இருப்பது பானைக்குப் போட்ட மூடி மாதிரி ஒரு கூரை. குண்டு விழுந்து எரிந்தது என்று பங்குப் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பச்சைப் பொய்.

அவள் அப்பா கொர்பினியானும் கோயில்பிள்ளைதான். அமெரிக்கர்கள் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஊராவது பிழைக்கட்டும் என்று, சரணடைகிறோம் என்பதற்கு அடையாளமாகப் பீடத்துணியைக் கோபுர ஜன்னலில் தொங்கவிட்டார். அதைவிடப் பெரிய வெள்ளைத்துணி ஊரில் இல்லை. அதைத் துரோகம் என்று எங்கள் ஊர் நாஜிக் கட்சிக்காரர்களே கோயில் பெஞ்சுகளைக் கோபுரக் கதவில் அடுக்கித் தீ வைத்தார்கள். அவர் மேலேயே இருந்தார், இறங்கி வரவே இல்லை. மறுநாள் அமெரிக்கர்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் நடந்தே வந்தார்கள்.

கதவோரத்து மூன்று கற்கள் அந்தச் சூட்டில் சிவந்தவை. மேலே குண்டு விழுந்தால் அடிக்கல் ஏன் சிவக்கிறது? வருகிறவர்களின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "எரியல. எரிச்சாங்க" என்பாள் கிரெஸென்ஸ்.

எண்ணூறாம் ஆண்டு விழாவுக்கு ஆயர் வருகிறார் என்றதும், அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றார் பங்குப் பேரவைத் தலைவர் ஓட்மார் லிண்டல். தீ வைத்தவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். அது தெரிந்தே பேரவையில் எட்டுப் பேரும் கை தூக்கினோம். வெட்கம் கெட்டவர்கள். அதில் நானும் ஒருவன். ஊரில் சுண்ணாம்பு அடிப்பவனும் நான்தான்.

சனிக்கிழமை மாலை மூன்றாவது கல்லை அடித்து முடிக்கும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"நீயும் கை தூக்குனியா, பார்ட்டல்?"

"எல்லாரும் தூக்குனாங்க, கிரெஸென்ஸ்."

"அன்னைக்கும் எல்லாரும்தான் நின்னு பாத்தாங்க."

அவள் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுண்ணாம்பு மட்டையைத் தூக்கி எறிந்தேன். யார்மேல் ஆத்திரம் என்று அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ஊரே புதுச்சட்டையில் முற்றத்தில் ஆயருக்காகக் காத்து நின்றது. கிரெஸென்ஸ் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து, கோபுரக் கதவருகே மண்டியிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். லிண்டல் முகம் சிவக்க ஓடிவந்தார்.

"ஆயர் வர்ற நேரத்துல என்னம்மா பண்றீங்க?"

"கோயில் சுவத்துல அழுக்கு இருந்தா தொடைக்கிறது என் வேலை. அதுக்குத்தானே வச்சிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிடித்து இழு என்கிற பார்வை. முந்தைய நாள் சுண்ணாம்பு பாலாய் வழிந்தது. முதல் கல் செக்கச்செவேலென்று தெரிந்தது. வாளித் தண்ணீர் வெளுத்துவிட்டது. நான் போய் வாளியை எடுத்தேன். தண்ணீரை மாற்றிக்கொண்டு, இன்னொரு பிரஷ்ஷோடு வந்தேன்.

ஆயர் வண்டியிலிருந்து இறங்கியபோது, மூன்றாவது கல்லை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.