விற்றவரையே தொடச் சொன்னேன்

விசைப்படகுகளுக்கே போய் அலுமினிய ஐஸ் பெட்டிகளுக்கு ஆர்கான் வெல்டிங் வைப்பது என் தொழில். ட்ரைசைக்கிளில் ஏற்றிச் செல்லச் சிறிய மிஷின் தேடினேன். தண்டையார்பேட்டையில் பழைய மிஷின் விற்கும் தங்கராஜ், புதுப் பெயின்ட் அடித்த ஒன்றைக் காட்டினார்.

"கப்பல்ல வந்த சரக்கு நைனா, கண்ண மூடிக்கினு எட்த்துனு போ."

எடையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன்.

ராயபுரத்தில் ஈரமான படகில் நின்று, கரெண்ட் கொடுத்து அதைத் தொட்டதும் ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டது. படகுக்காரர் அந்தோணி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் பிழைத்தேன். உள்ளங்கை வெந்துவிட்டது. மிஷினைத் திறந்தால், கருகிய வயருக்கு மேல் துணி சுற்றியிருந்தது.

கைக்கட்டோடு அதைத் தங்கராஜ் கடைக்கே கொண்டுபோனேன். மிஷின் வாங்க வந்தவர்கள் முன்னால் இறக்கி வைத்தேன்.

"கரெண்ட் குட்த்து நீயே தொடு, பாக்கலாம்."

அவர் பின்வாங்கினார். "வாணாம்பா, உட்டுடு."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இப்போதெல்லாம் விற்பவரே மூடியைக் கழற்றி உள்ளே காட்டி, எர்த் கொடுத்து, என் எதிரில் பற்றவைத்துக் காட்டாமல் எந்த மிஷினையும் வாங்குவதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கராஜ் கடைக்கு எதிரே டீ குடிக்கிறேன். அங்கே மிஷின் வாங்க வருகிறவர்களைக் கூப்பிட்டு என் உள்ளங்கையைக் காட்டுகிறேன்.