துறை தாண்டிப் போன பரிசல்

ராசாத்திக்கு நாற்பத்தாறு வயது. குமாரபாளையத்துக்குச் சற்றுக் கீழே, காவிரியில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவள். இருபது வருடம் கணவன் காத்தான் துடுப்புப் போட்டான், அவள் வலை இழுத்தாள். போன வருடம் பக்கவாதம் வந்து அவனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு வேலையும் அவளுக்கே.

தனியாகக் கரையேறுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இறங்கக் காலைத் தூக்கினால் பரிசல் பின்னால் நழுவும். இரண்டு முறை ஆற்றில் விழுந்தாள். பிறகு தானே ஒரு வழி கண்டாள். துறைக்கு மேலேயே கரையை நெருங்கி, ஓட்டத்தோடு வழுக்கி வருவாள். உட்கார்ந்தபடியே துறைக்கல்லில் கயிற்றைச் சுற்றுவாள். கயிறு விறைத்துப் பரிசல் நின்ற பிறகே எழுவாள்.

ஆடி நான்காம் நாள். மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறப்பதாக முந்தின இரவு அறிவித்திருந்தார்கள். ஆனால் அவள் சாயங்காலமே வலையைப் போட்டிருந்தாள்.

"போகாத புள்ள" என்றான் காத்தான், குழறிய நாக்கோடு.

"வலைய மட்டும் எடுத்துட்டு வாரேன் மாமா."

விடியலில் ஆறு செம்மண் நிறத்தில் இருந்தது. கரையில் ஒரு கொக்குகூட இல்லை. பாதி வலையை இழுப்பதற்குள், கால்களை மேலே நீட்டியபடி ஒரு கன்றுக்குட்டி மிதந்து போனது. மீதி வலையை அறுத்துவிட்டுத் திரும்பினாள். துறைக்கல்லைக் காணவில்லை. முழுகிவிட்டிருந்தது.

ஆற்றோரத் தண்ணீர் மோட்டாரை மேட்டில் தூக்கி வைக்க வந்த பக்கத்து வீட்டுப் பச்சமுத்து அவளைப் பார்த்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான்.

"கயித்த வீசுங்கக்கா! நான் புடிச்சுக்கறேன்!"

கயிறு அவள் கையில்தான் இருந்தது. ஓட்டத்தின் வேகம் துடுப்பில் தெரிந்தது. அவன் பிடித்தால் அவனையும் இழுத்துப் போகும். கயிற்றைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி! மேல ஏறு!"

பரிசல் துறையைத் தாண்டியது. கீழே கதவணையின் மதகுகளில் தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்டது; அதில் சிக்கினால் பரிசல் மிஞ்சாது. அவள் அழவில்லை, தண்ணீரையே பார்த்தாள். சலவைத் துறையின் சுவர் ஆற்றுக்குள் நீண்டிருக்கும். அது முழுகிய இடத்துக்குக் கீழே நுரை மட்டும் கரைப்பக்கமாகத் திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஓட்டம் செத்திருக்கும். மண்டியிட்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் துடுப்பை வலித்தாள். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நுரைக்குள் விழுந்தது. தாழ்ந்த புங்கமரக் கிளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாள். அது இறுகும்வரை எழவில்லை.

பச்சமுத்து கரையோரமாக ஓடி வந்தான். "ஏனுங்கக்கா வீசல? செத்துருப்பீங்களே!"

"வீசியிருந்தா ரெண்டு பேருஞ் செத்துருப்போஞ் சாமி."

வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. இருவருமாகக் காத்தானை நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூட முகாமில் சேர்த்தார்கள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டும்போது அவன் கேட்டான்.

"பரிசல எங்க கட்டுன?"

"புங்கமரத்துல."

"தண்ணி எதுவரைக்கும் இருக்குது?"

அவள் விட்டு வரும்போதே தண்ணீர் கிளையிலிருந்த கயிற்று முடிச்சைத் தொட்டிருந்தது. அடுத்த கவளத்தை உருட்டி அவன் வாயருகே நீட்டினாள்.