தூக்குச்சட்டியில் என்ன மாவு?

தூண்டில் முள் விற்கிற கடையில் வாங்க வருகிறவர் விற்கிறவரை நம்புவதில்லை, விற்கிறவர் வாங்க வருகிறவரை நம்புவதில்லை, கெண்டை மீன் எங்கள் இரண்டு பேரையுமே நம்புவதில்லை.

விருதுநகரில் எங்கள் கடை கயிறு, வலை, குடை, டார்ச் லைட் எல்லாம் கலந்து விற்கிற கடை. என் வீட்டுக்காரர் மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிற நாட்களில் கல்லாவில் நான்தான். தூண்டில் செட் கட்டுவது எப்போதுமே என் வேலை. நைலான் நரம்பில் தக்கையைக் கோத்து, ஈயக்குண்டை நசுக்கி மாட்டி, அதற்குக் கீழே ஒரு சாண் மெல்லிய நரம்பில் முள்ளை முடிந்து தொங்கவிட்டால் அது ஒரு செட். கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் பழக்கிவிட்ட விரல்கள் இதற்குத்தான் உதவுகின்றன. சிஸ்டருக்குத் தெரியவேண்டாம்.

கெண்டைக்கு இரை மாவு உருண்டை. அது லபக்கென்று கடிக்கிற ஜாதி இல்லை. வாயைக் குவித்து உறிஞ்சும். உள்ளே போனதில் ஏதாவது உறுத்தினால் துப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மாவின் பதத்துக்குத் தக்கபடி முள் வேண்டும். முள் கனமாக இருந்தால் மாவைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். காம்பு நீளமாக இருந்தால் உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஆட்கள் தங்கள் மாவைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார்கள். கடையில் பக்கெட்டில் தண்ணீர் வைத்திருப்போம். ஒவ்வொரு முள்ளிலும் மாவைப் பிடித்து இறக்கி, எதில் கரையாமல் நிற்கிறதோ அந்த முள்ளை வாங்கிப் போவார்கள். மாவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் மட்டும் தூக்குச்சட்டியின் மூடி சாத்திக்கொள்ளும்.

எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். மீன் பிடிக்க அல்ல. என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையில் கிடப்பதெல்லாம் அவளுக்குத் தின்பண்டம். அவள் தூங்கிய பிறகுதான் நான் செட் கட்டவும் உட்காருகிறேன், இதை எழுதப் பேனாவையும் தொடுகிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தையல் மிஷினோ, மருந்துக்கடையோ, மாவு மில்லோ நடத்துகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

எட்டு பெரிதா, பதினாறு பெரிதா

முள்ளுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். யார் இப்படி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எட்டாம் நம்பரில் ஒரு கட்லாவைத் தூக்கலாம். பதினாறாம் நம்பர் பொடிக் கெண்டைக்குத்தான் ஆகும். இதை ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லவேண்டும், ஒவ்வொரு புது ஆளும் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

ஆமத்தூரிலிருந்து வந்தவர் ஒருவர் பெரிய மீனுக்கு வேண்டும் என்று சொல்லி, பெட்டிகளில் பார்த்து இருபதாம் நம்பரைத் தானே பொறுக்கினார். அது கொசுவின் கால் மாதிரி இருந்தது. "அண்ணே, இது சின்னது. எட்டு எடுங்க" என்றேன். அவர் இரண்டு பெட்டியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் சீட்டை நானே எழுதி ஒட்டியிருப்பேனோ என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தார். கடைசியில் எட்டையே வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது சொன்னார்: "கான்வென்ட்ல படிச்ச பிள்ளைன்னு பாய் பெருமையாச் சொன்னாரு. இருபதைச் சின்னதுன்னு சொல்றதைத்தேன் அங்கன சொல்லிக் குடுத்தாகளா?"

காந்தம்

முள் கீழே விழுந்தால் சத்தம் வராது. அதனால் ரேடியோ ரிப்பேர்க் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வாங்கி நூலில் கட்டி வைத்திருக்கிறேன். மகளைத் தரையில் விடுவதற்கு முன்னால் கடை முழுக்க அதை இழுத்துக்கொண்டு நடப்பேன். பார்க்கிறவர்கள் மந்திரிக்கிறேனோ பேய் ஓட்டுகிறேனோ என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரர் முள்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்தார். பெட்டியில் ஒரு முள் குறைகிற மாதிரி எனக்குப் பட்டது. காந்தம் கையிலேயே இருந்தது. தரையைத் துழாவுகிற சாக்கில் அவர் பக்கம் போனேன். வீசின வேகத்தில் அது மேலே எழும்பி அவர் சட்டைப்பையில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. நான் நூலைப் பிடித்தபடி நின்றேன். அவர் அசையாமல் நின்று, பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். குறைந்த முள் பெட்டியின் மூடியில் சிக்கியிருந்தது. அவர் கோபப்படவே இல்லை. "நான் கெண்டை இல்ல பாயம்மா, நூலை விடுங்க" என்றார்.

கம்பெனிப் பசை

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டுகிற ஒரு தம்பி வந்தார். அவர் கொண்டுவந்த மாவை முள்ளில் பிடித்து இறக்கினோம். கரையவில்லை. எட்டில் நின்றது, பதினாறில் நின்றது, முள்ளை உதறினாலும் நின்றது. இப்படி ஒரு மாவை நான் கண்டதில்லை. வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் வெளிச்சத்தில் லேசாக ஒரு நீலம் ஓடியது.

என் மகள் என் இடுப்பிலிருந்து சாய்ந்து அதைத் தொடக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். என்ன மாவு என்று கேட்டேன். இவர் மூடியெல்லாம் போடவில்லை, பெருமையாகவே சொன்னார். கம்பெனியில் பேப்பர் ஒட்டுகிற மைதாப் பசையாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலந்து காய்ச்சுவார்களாம். எலி கூடக் கிட்ட வராதாம். நான் பிள்ளையை அந்தக் கை இந்தக் கை என்று மாற்றி, அவள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே, எலி தொடாததை மீன் எப்படித் தொடும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "எலி தொடாதுங்கிறது மீனுக்குத் தெரியாதுல்ல பாயம்மா" என்றார்.

அன்றைக்குப் பக்கெட்டை நாலு தடவை கழுவினேன்.

சலவைச் சட்டை

சலவைச் சட்டை போட்ட ஒருவர் வந்து நல்ல செட்டாக இரண்டு வேண்டும் என்றார். தூக்குச்சட்டி இல்லை. என்ன பதத்து மாவு என்றால் தெரியவில்லை. அதற்குப் பதிலாக எந்தக் கண்மாய்க்கு மீன் பிடிக்க ஆள் அதிகம் போகிறார்கள், எந்தக் கிழமை போகிறார்கள், அவர்கள் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். வேவு பார்க்க வந்தவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "எங்க கடைக்கு வர்றவங்க மாவைப் பத்தியே சொல்றதில்ல, கண்மாயைப் பத்தியா சொல்லுவாங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவராம். காவலுக்கு ஆள் போட்டும் மீன் குறைகிறதாம். அப்படியானால் செட் எதற்கு என்றேன். அதற்குள் அவர் ஒன்றை எடுத்து முடிச்சை இழுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். "என் மீனை எப்படித் தூக்குறாங்கன்னு நானும் ஒரு நாள் தூக்கிப் பாத்தாத்தேனே தெரியும்?"

அண்ணாச்சியின் உருண்டை

சிவகாசியில் அச்சாபீஸ் ஒன்றில் பேப்பர் வெட்டுகிற மிஷின் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் மாதம் இரண்டு தடவையாவது வருவார். எந்த அச்சாபீஸ் என்று எழுதமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். அவருடைய மாவு பழுப்பு நிறம். அதற்குக் கெண்டை வரிசையில் நின்று வரும் என்று பேச்சு. கடையில் வேறு ஆள் இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் முள்ளில் மாவு பிடிப்பார்.

அன்றைக்கு வேறு யாரும் இல்லை. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்து, கழற்றிய மூடியில் இரண்டு உருண்டை உருட்டிப் போட்டிருந்தார். நான் பன்னிரண்டாம் நம்பர் பெட்டியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது மூடியில் ஓர் உருண்டை இல்லை. என் மகளின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

விரலை விட்டு வழித்தேன். பாதி வந்தது. பாதி போய்விட்டது. முள்ளைப் பார்த்தேன், அண்ணாச்சி கையில் நரம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. முள் போகவில்லை. போனது மாவு.

"என்ன மாவு அண்ணாச்சி?"

"சும்மா மாவுதேன். பயப்படாதீக."

"சும்மா மாவுன்னா? எதுல பண்ணினது?"

அவர் குனிந்து மூடியை எடுத்துத் தூக்குச்சட்டியைச் சாத்தினார். "அதை மட்டும் கேக்காதீக பாயம்மா. எம்புட்டோ பேரு எம்புட்டோ விதமாக் கேட்டுப் பாத்துட்டாக."

பிள்ளையை வைத்து மாவு ரகசியத்தைப் பிடுங்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார். முகத்திலேயே தெரிந்தது. "துத்தம் இருக்கா? பசை கிசை கலந்திருக்கீகளா?" என்றேன். சேச்சே என்றார். அப்படியானால் சொல்லுங்கள் என்றேன். மூடியை இன்னும் அழுத்திச் சாத்தினார். ஒன்றுமில்லாத மாவை எதற்கு ஒருவர் இப்படி மறைக்கவேண்டும்? நான் பிள்ளையை ஒரு கையிலும் அவருடைய தூக்குச்சட்டியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

"டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். போலீசுக்குச் சொல்லணும்னாலும் அவரே சொல்லட்டும்."

அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவந்தார். தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு பெரிய உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். விக்கியது; விழுங்கினார். "பாருங்க, நானே திங்கேன்."

"நீங்க நாற்பது வயசு ஆளு அண்ணாச்சி. இவ இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவருடைய மனைவி பால்வாடியில் ஆயாவாக இருக்கிறாராம். அங்கே கைக்குழந்தைக்காரர்களுக்குக் கொடுக்கிற சத்துமாவாம் இது. மிச்சம் விழுவதை வீட்டுக்குக் கொண்டுவருவாராம். மீன் வாசத்துக்கு வரட்டும் என்று இவர் கொஞ்சம் பெருங்காயம் சேர்ப்பாராம், அம்புட்டுத்தானாம். வெளியே தெரிந்தால் அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும். இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகள் அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினாள். அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க பிள்ளைக்குச் சேரவேண்டிய மாவுதேன் பாயம்மா. இன்னைக்கு மீனுக்குப் போகாம நேரா வந்து சேந்திருச்சு."

டாக்டர்

அப்படியும் நான் நம்பவில்லை. கடையை அண்ணாச்சியையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். ஆயாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. சத்துமாவு என்றார்கள், பெருங்காயம் என்றார்கள், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். டாக்டர் மாவை முகர்ந்து பார்த்தார், ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தார், பிள்ளையின் கண்ணையும் வயிற்றையும் பார்த்தார். அவள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பை வாயில் வைக்கப் போனாள். பிறகு அவர் என்னைத்தான் வெகுநேரம் பார்த்தார். "பிள்ளை நல்லா இருக்கு. நீங்க கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

அன்றிலிருந்து தூக்குச்சட்டியோடு யார் வந்தாலும் வந்தவரே அதில் ஒரு விள்ளலைத் தன் வாயில் போட்டு விழுங்கிக் காட்டிய பிறகுதான் முள் பெட்டியைத் திறக்கிறேன். வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது, ஆனால் இன்னும் வருகிற நாலு பேரும் உப்பு, வெல்லம் எல்லாம் சரிபார்த்து நல்ல மாவாகத்தான் பிசைந்துகொண்டு வருகிறார்கள்.