பந்தலில் எழுந்த கைதட்டல்

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியில் ஒலிப்பொறியியல் பிள்ளைகளுக்குக் கூர்ந்து கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் எல்லையம்மாள். காது ஆண்டவன் கொடுத்தது, அதற்கு ஒரு வாத்தியாரா என்று கூட வேலை பார்த்த நானே கேலி செய்திருக்கிறேன். ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். எந்தச் சத்தம் பக்கத்தில், எது தூரத்தில், எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

"ஆசைப்படுறது காதுல விழும். அதை நம்பாதீங்க" என்பார்.

அவர் அப்பா அரசப்பன் பண்ணையில் கூலியாக இருந்தவர். கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய்க் கிடைத்த மூன்று மா நிலம்தான் அவர் சொத்து. அதன் நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்தது. ஊரில் பந்தல் போட்டு அதிகாரி பேசினார். ஊரே கைதட்டிச் சம்மதித்தது என்று அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கம்பெனி கோர்ட்டில் கொடுத்துவிட்டது. வயிறெரிகிறது, இப்போது நினைத்தாலும்.

"நாங்க வேணாம்னு கத்துனோம்மா" என்றார் அரசப்பன். பதிவில் மறுப்புக் குரல் ஒன்று கிடைத்தால்கூட நிலத்தைக் காப்பாற்றலாம் என்றார் வக்கீல்.

வக்கீலிடம் வாங்கிய பதிவை எல்லையம்மாள் சோறு தண்ணீர் மறந்து கேட்டார். ஒரு முறை "வேணாம்" விழுந்தது, மறுமுறை விழவில்லை. தன் காதை நம்ப முடியாமல், என்ன பதிவு என்று சொல்லாமலே வகுப்பில் ஓடவிட்டார். துணைக்கு வரச் சொன்னதால் நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

ஹமீதா பானு எழுந்தாள். "வெட்டு எதுவும் இல்ல மேடம். யாரும் மறுத்துப் பேசல. அதிகாரி 'நன்றி, வணக்கம்'னதும் கை தட்டுறாங்க. மைக் பக்கத்துல ஒருத்தர்தான் ஆரம்பிக்கிறாரு. வயல்ல குருவி விரட்டுற மாதிரி உள்ளங்கையைக் குவிச்சுத் தட்டுறாரு. மத்தவங்க நிறுத்துன பிறகும் விடல. அதோட பதிவு முடியுது."

அந்தத் தட்டலைக் கேட்டு வளர்ந்தவர் எல்லையம்மாள். "சரியாச் சொன்ன" என்று அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும், நான் பக்கத்தில் இருக்கும்போதே, ஸ்பீக்கரில் வைத்து அப்பாவுக்கு ஃபோன் போட்டார்.

"ஏம்ப்பா கை தட்டுனீங்க?"

"பெரிய மனுசன் பேசி முடிச்சா தட்டாம எப்படிம்மா? மரியாதை இல்ல? அவரு ஜீப் ஏறுனப்பறம் கத்துனோமே, தொண்டை கிழிய. கோர்ட்டுல அது கேக்குமில்ல?"

"கேக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார்.

பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் பொக்லைன் இறங்கியது. வரப்பில் நின்று அரசப்பன் கத்தினார். அன்றைக்கு யாரும் மைக் வைக்கவில்லை.