மூலை விளக்குக் கம்பம்

வேலணையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பூங்காவில் பிரதேச சபைக்காரர் விளக்குக் கம்பங்கள் நட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறதாம், சனங்கள் வெளிச்சத்தில் நடந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டுமாம். வாசலில் பலகை வேறு. யார் நம்புவது? காணிக் கந்தோரில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். முதலில் ஒரு கம்பம் வரும், பிறகு கம்பிவேலி வரும், பிறகு காணி போய்விடும். பூங்காவுக்கு மேற்கே கிளுவை வேலிக்கு அப்பால் கிடப்பது என் பனங்காணி.

அந்த விளக்குகள் எனக்கு இன்னொரு அநியாயமும் செய்தன. எனக்குச் சீனி வருத்தம். நடக்கச் சொல்லிக் கிளினிக்கில் ஓயாமல் சொல்வார்கள். காலையில் பனி, மத்தியானம் வெயில், பின்னேரம் இருட்டுக்குள் பாம்பு கிடக்கும் என்று நான் தப்பிவந்தேன். இப்போது பாம்பும் போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். சீனியால்தான் என் அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தார்கள். என் கால்விரல்களும் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் நான் குசினிவரை நடந்துபோனதை மனைவி மட்டும் பார்த்தாள். கழன்ற செருப்பை எடுத்துவந்து என் காலடியில் போட்டாள்.

விளக்கு எரியத் தொடங்கி இரண்டு நாளில் அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மூலைக் கம்பம் எங்கட வேலியோட ஒட்டி நிக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்கால் போய்ப் பாருங்கோ."

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன்.

கம்பத்திலிருந்து வேலிவரை காலடி வைத்து எண்ணினேன். ஒன்பது. பூங்காவைச் சுற்றி மற்ற எல்லைகளையும் எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு தினமும் போனேன். எண்ணிக்கை ஒத்துவராத நாளில் மூன்று சுற்றுக்கூட வந்திருக்கிறேன். நடக்க வந்த சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. "காணி பார்க்க வந்தனான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்தபோது ஒன்பது காலடி எட்டாகிவிட்டது. திரும்பவும் எண்ணினேன், எட்டேதான். கம்பம் சீமெந்தில் நிற்கிறது, அப்படியானால் வேலியைத்தான் நகர்த்தியிருக்கிறார்கள். நான் பூங்காவைப் பிடித்தேன் என்று வழக்குப் போட, யாரோ இரவில் வேலிக் கதியாலைப் பிடுங்கிப் பூங்காப் பக்கம் நடுகிறான்!

அடுத்த நாள் கிளினிக். இளம் டொக்டர் பிள்ளை இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, சீனி நல்லா இறங்கியிருக்கு. நடக்கிறனீங்கள் போல?"

"சும்மா நடக்க எனக்கென்ன விசரே? நான் எல்லை பார்க்கிறனான்."

வீட்டுக்கு வந்ததும் காணி உறுதிப் பத்திரத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு காணிக்குப் போனேன். மேற்கு மூலைக் கல்லிலிருந்து வேலிவரை இழுத்துப் பார்த்தேன். உறுதியில் உள்ளபடியே இருந்தது. வேலி நகரவில்லை. ஒரு மாதமாக நடந்து நடந்து என் காலடிதான் நீண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

"வேலி ஒரு அங்குலமும் அசையேல்லை. நீர் எதைப் பார்த்து ஒட்டி நிக்குதெண்டு சொன்னனீர்?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் அந்தக் கம்பத்தைப் பார்க்கவே இல்லை. நடவுங்கோ எண்டால் நடப்பியளே? அண்ணையைப் போல உங்களையும் ஒற்றைக் காலோட பார்க்க என்னால ஏலாது."

கந்தோரில் எத்தனை கள்ள உறுதியைக் கண்டுபிடித்தவன் நான். இதைக் கண்டுபிடிக்கவில்லை. உறுதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆறு மணிக்குப் பூங்காவில் விளக்கு எரிந்தது. செருப்பைப் போட்டேன்.

"இனி எங்கை போறியள்?" என்றாள்.

"கிழக்குப் பக்கம் இன்னும் வடிவாப் பார்க்கேல்லை."

அவள் சுளகை வைத்துவிட்டுத் தன் செருப்பைத் தேடினாள்.