அப்பாவின் சுமைக் கூறு

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது அறுபத்து நான்கு. பெயர் இருசப்பன். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் மூன்று ஏக்கர் கொல்லையும் ஒரு கிணறும் வைத்திருந்தார். படிப்பு மூன்றாம் வகுப்பு. அவரைப் பற்றி யாரும் எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். பஸ் பணிமனையில் ஸ்பிரிங்கும் அச்சும் பார்க்கிற வேலை. எழுதிப் பழக்கமில்லை. அவருடைய நாட்களில் ஒன்றை மட்டும் எழுதிவிட முடியும் என்று தோன்றுகிறது. மற்றவை இப்போது முடியாது.

எங்கள் ஊருக்கு மேற்கே பாறைக் குன்றுகள். வேர்க்கடலை முற்றும் சமயத்தில் அங்கிருந்து காட்டுப் பன்றிகள் இறங்கும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது, சக்கரபாணி பெரியப்பாவிடம். அறுவடைக்கு முன்னால் அவரோடு ஏழெட்டுப் பேர் வேட்டைக்குப் போவார்கள். பாறைகளுக்கு இடையில் முழுப் பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கி வர முடியாது. அதனால் விழுந்த இடத்திலேயே அறுத்து, கறியைச் சுமந்து வந்து, ஊர் எல்லையில் உள்ள பம்புசெட் கொட்டகையில் கூறு போடுவார்கள்.

தலை, சுட்டவருக்கு. மற்றபடி எல்லோருக்கும் சமம். சுமந்து வந்தவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கூறு. சுமைக் கூறு என்று அதற்குப் பெயர். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கிளம்பிய இடத்திலிருந்து கொட்டகை வரைக்கும் சுமை தரையில் படக்கூடாது. பட்டால் கூறு போய்விடும். அடுத்த வேட்டைக்கு வேறொருவன் சுமப்பான்.

அப்பா இருபது வருஷம் சுமந்தார். கோணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் வருவார். ஒரு தடவையும் இறக்கியதில்லை.

1980 மாசியில் அவருக்குக் குடலிறக்கம். வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். அடிவயிற்றின் வலது ஓரத்தில் விரல் நீளத்துக்குத் தழும்பு. இனி தலைச்சுமை கூடாது, முக்கித் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மறுபடியும் குடல் இறங்கினால் இரண்டாவது ஆபரேஷன் இவ்வளவு சுலபமாக இருக்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த வருஷம், அப்பாவை மாமா என்று கூப்பிடுகிற சுப்பன் சுமந்தான். எங்களுக்குக் கூறு வீடு தேடி வந்தது. நடக்க முடியாதவர்களுக்கும் புருஷன் இல்லாத வீடுகளுக்கும் அப்படித்தான் அனுப்புவார்கள். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் பேச்சை எடுத்தார். ஊரே கவிச்சியை விட்டிருந்த மாதம். பன்றிகளுக்குப் புரட்டாசி தெரியாது. கொல்லை தினமும் நாசமாகிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் வேட்டை என்று முடிவாகியிருந்தது.

“இந்த வாட்டி நான் தூக்கறேன்” என்றார்.

அம்மா முறத்தை வைத்துவிட்டாள். “தூக்குவய்யா, தூக்குவ. போன வருசம் ஆஸ்பத்திரிக்கு உன்ன யாரு தூக்கிகினு போனது? இவன்தானே? மறுபடியும் இவனே தூக்கட்டும்.”

“தலைல வெச்சாதானே வயித்துல முக்குது? முதுகுல வெச்சா?” அவளிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துதான் கேட்டார். “நீ பஸ்ஸுக்கே லோடு பாக்கறவன். சொல்லேன்.”

“நைனா, வேணாம்.”

“வேணாம்னா கோணிதான். அது வீட்லயே கெடக்குது.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தடுத்தால் கோணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே பை பார்ப்பது என்று ஆயிற்று.

கோணிக்கே இரண்டு கயிறு கட்டி முதுகில் மாட்டிப் பார்த்தோம். கயிறு தோளை அறுத்தது. சுமை இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடியது. அடுத்து திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு எதிரில் ரெக்ஸின் பை. கடைக்காரர் இழுத்து இழுத்துக் காட்டினார். ஜிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, பதினைந்து கிலோவுக்கு மேல் நிற்காது. அதோடு ரெக்ஸினில் காற்று போகாது. சூடு ஆறாத கறியை அதில் அடைத்தால் வீடு வருவதற்குள் வாடை அடிக்கும். மூன்றாவது, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவரின் பச்சை கேன்வாஸ் பை. துணி நல்ல துணி. ஆனால் வார் இரண்டு விரல் அகலம்தான். மொத்தப் பாரமும் தோளில் இறங்கும். ஆள் முன்னால் வளைவார். வளைந்தால் அடிவயிறு இறுகும்.

பாரம் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு சாண் அகலத்தில் பெல்ட் வேண்டும். அது தழும்புக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். காகிதத்தில் வரைந்தேன். அந்தக் கேன்வாஸ் பையையும் காகிதத்தையும் அப்பாவையும் அன்வர் பாஷாவிடம் கூட்டிப்போனேன். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. ஜட்கா வண்டிக் குதிரைக்குச் சேணமும் லாரிக்குத் தார்ப்பாயும் தைக்கிறவர்.

வரைந்ததை நன்றாகப் பார்த்தார். “எவ்ளோ வெயிட் போடுவீங்க?”

“முப்பது கிலோ.”

“இன்னா சாமான்?”

அப்பா முந்திக்கொண்டார். “ஆட்டுக்கறி பாய்.”

பாஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முப்பது கிலோ ஆட்டை எதுக்குண்ணே முதுகுல தூக்கறீங்க? கவுறு கட்டினா அதுவே நடந்து வருமே.”

அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். நான் உண்மையைச் சொன்னேன். “காட்டுப் பன்னிங்க பாய்.”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். பையை உதறி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

“இப்ப காலிப் பைதானே? காலிப் பையைத் தெக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒருக்கா அதுல போட்டுட்டீங்கன்னா, ரிப்பேருக்கு என்கிட்ட எடுத்துகினு வரக்கூடாது.”

“வர மாட்டோம்.”

“அப்ப இது பிய்யவே கூடாது. வேலையை ஜாஸ்தி பண்ணிட்டியே தம்பி!”

மெழுகு நூலில் மூன்று வரிசைத் தையல் போட்டார். குதிரையின் வயிற்றில் கட்டும் அகல நாடாவைத் தோள்வாராக்கினார். பெல்ட்டுக்குள் கம்பளித் துண்டு வைத்தார். அப்பாவுக்கு மாட்டி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்.

“சந்துல ஒரு ரவுண்டு ஓடிக் காட்டுங்கண்ணே.”

“கொள்ளு வெச்சிருக்கியா பாய்?” என்றார் அப்பா.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கிண்டல் பேசி அன்றுதான் கேட்டேன்.

வீட்டில் பத்து செங்கல்லை அடுக்கிச் சோதனை செய்தேன். தராசில் இருபத்தெட்டு கிலோ. ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. தழும்பைப் பார்த்தேன், மாற்றமில்லை. “அங்கயே எலும்ப எடுத்துடு நைனா, அஞ்சு கிலோ கம்மியாவும்” என்று சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்தேன்.

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு, விடியும்போது போனார்கள். நான் பம்புசெட் கொட்டகையில் காத்திருந்தேன். எட்டு மணி சுமாருக்கு இரண்டு வெடிச் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பத்தரைக்கு மேல் வெறுங்கையோடு நான்கு பேர் வந்தார்கள். பெரிய பன்றி, இரண்டு சுமை, ஒன்று சுப்பனிடம், ஒன்று உங்கப்பாவிடம் என்றார்கள். சக்கரபாணி பெரியப்பா தோளில் துப்பாக்கியோடு வந்து வாய்க்காலில் கால் கழுவினார். தரையில் வேப்பந்தழையைப் பரப்பினார்கள்.

பதினொரு மணிக்கு வரப்பில் இருவரும் தெரிந்தார்கள். முன்னால் அப்பா, பின்னால் தலையில் கோணியோடு சுப்பன். நான் அப்பாவின் காலைத்தான் பார்த்தேன். வலது கால் இழுக்கவில்லை. கை அடிவயிற்றுக்குப் போகவில்லை.

கிட்டே வந்ததும் பைக்கு மேலே இரண்டு எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

“எலும்ப எடுக்கச் சொன்னேனே?”

“எடுத்துட்டுதான் மொதல்ல மாட்டிப் பாத்தேன். கறியெல்லாம் அடியில போயி பின்னாடி இஸ்துச்சு. செங்கல்லு மாதிரி நிக்குமா கறி? ரெண்டு தொடைய எலும்போட நட்டுட்டு, நடுவுல அடைச்சேன். இப்ப பாரு, எப்படி நிக்குது!”

அவர் சொன்னது சரி. எவ்வளவு எடை என்று பார்த்த நான், அது எங்கே போய் உட்காரும் என்று பார்க்கவில்லை. செங்கல் அடுக்கிய இடத்தில் நிற்கும். கறி நிற்காது.

சுப்பன் தன் கோணியைத் தழைமேல் இறக்கிவிட்டுத் திரும்பினான். “எறக்காத மாமா. ஒரு பேச்சு இருக்குது.”

“இன்னாடா பேச்சு?” என்றார் பெரியப்பா.

“வழில ரெண்டு எடத்துல மாமா சுமைய எறக்கிட்டாரு.”

“யார்டா எறக்கினது? சாஞ்சேன்!”

“சாஞ்சாராம். பை பாறை மேல குந்திகினு இருந்துச்சு பெரீப்பா. நான் பின்னாடியே வந்தேனே. பீடி வேற புடிச்சாரு.”

“பீடிய புடிச்சது வாயி. பையா புடிச்சுது?”

எல்லோரும் சிரித்தார்கள். சக்கரபாணி பெரியப்பா சிரிக்கவில்லை. “வாரு தோள்லேர்ந்து கழண்டுதா?”

“கழலல. ஆனா வெயிட்ட பாறைதானே வாங்கிச்சு? எஞ்சினியரு இங்கதானே இருக்காரு, கேளுங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

“பாறைதான் வாங்கியிருக்கும்” என்றேன்.

“இவனப் படிக்க வெச்சதுக்கு ரெண்டு எருமை வாங்கியிருக்கலாம்” என்றார் அப்பா.

“நைனா, அத எறக்கிட்டுப் பேசு.”

“எறக்கினா ஒத்துக்கினதா ஆயிடும். முடிவு சொல்லட்டும். அப்புறம் எறக்கறேன்.”

கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நடக்கும்போது கூட இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் பாரம் நின்றிருக்காது. நான் பின்னால் போய்ப் பையின் அடியில் கை கொடுத்தேன்.

“கைய எடுடா” என்றார், திரும்பாமலே. எடுத்தேன்.

சக்கரபாணி பெரியப்பா மோட்டார் மேடையில் உட்கார்ந்தார். “சுப்பா, போன வருசம் சுமைக் கூறு யாரு வாங்கினது?”

“நானு.”

“இந்த வருசமும் உன் கோணிக்கு உண்டு. அப்புறம் இவன் கூறு உனக்கு எதுக்கு?”

“எனக்கு வேணாம் பெரீப்பா. மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?”

முறை என்று ஒன்று இருந்தது. பெரியப்பா தாடையைச் சொறிந்தார். என் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“தரைல ஏன் படக்கூடாதுன்னு வெச்சாங்க?”

“மண்ணு ஒட்டும். எறும்பு ஏறும்” என்றான் சுப்பன்.

“அந்தப் பாறைல மண்ணு இருந்துதா?”

“பாறைல ஏது மண்ணு?”

“தரைன்னா ஏரு எறங்கணும். பாறைய எவன்டா உழுதான்? அது தரை இல்ல. முடிஞ்சிது.”

சுப்பன் விடவில்லை. “அப்ப தார் ரோடு? அதையும்தான் யாரும் உழ மாட்டாங்க.”

“தார் ரோட்ல பன்னிய சுடும்போது பேசிக்கலாம். இருசப்பா, எறக்குடா. பாத்துகினு இருக்கற எனக்கே முதுகு வலிக்குது.”

அப்பா பெல்ட்டை அவிழ்த்தார். சுப்பன்தான் முதலில் ஓடிவந்து அடியில் பிடித்தான். நான் மறுபக்கம் பிடித்தேன். தழைமேல் வைத்தோம்.

“பை நல்லாத்தான் இருக்குது மாமா” என்றான். “எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுக்கச் சொல்லேன் உன் புள்ளைய.”

அப்பாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். வேட்டியைத் தளர்த்தச் சொன்னேன். தழும்பின் மேல் நான்கு விரல் வைத்தேன். டாக்டர் அப்படித்தான் பார்ப்பார்.

“இருமு.”

இருமினார். விரலுக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை.

“இன்னொரு வாட்டி.”

ஊருக்கே கேட்கும்படி இருமினார். ஒன்றும் இல்லை. தோல் சூடாக இருந்தது, அவ்வளவுதான். வாய்க்கால் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்கு இன்னாடா ஆச்சு?” என்றார். “தூக்கினது நானு.”

நாற்பது நாளைக்கு முன்னால் அவரைக் குளிப்பாட்டும்போது அந்தத் தழும்பைப் பார்த்தேன். வெளுத்து, நூல் மாதிரி இருந்தது. முழுதாக இருந்தது. அந்த ஐப்பசிக்குப் பிறகும் நான்கு வருஷம் அவர் சுமந்தார். ஐந்தாவது வருஷம் தானாகவே பையைச் சுப்பனிடம் கொடுத்தார். நான் செய்துகொடுத்த எதனாலும் அவருக்குக் கேடு வரவில்லை. அழுகைக்கு நடுவில் அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அன்றைக்குக் கொட்டகைக்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். சக்கரபாணிக்குத் தலையோடு ஒன்று. சுப்பனுக்கு இரண்டு.

“இருசப்பனுக்கு ரெண்டு. யார்ரா போயி குடுத்துட்டு வரது?” என்று போன வருஷத்து வழக்கம் மறக்காத ஒரு குரல் கேட்டது.

“இங்கதான் கீறேன்!” என்று கத்திக்கொண்டே, வேட்டியைக் கட்டியும் கட்டாமலும், அப்பா ஓடினார்.