அபி உட்கார்ந்த நாற்காலிகள்

கலைமகளுக்கு மரவேலை தெரியாது. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்தாள். உடைந்த மரப்பெட்டிக்கு மறுபடி ஆணி அடித்து மூடத் தெரியும், அவ்வளவுதான். அவள் மகன் அபிக்குப் பிறவியிலேயே கழுத்தும் நிற்காது, முதுகும் நிற்காது. நான்கு வயது வரை முத்தியால்பேட்டை வீட்டின் மின்விசிறியைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். சோறு ஊட்டினால் புரையேறும். அரசு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி பெரியவர்களுக்கானது. அதில் வைத்தால் துணிமூட்டை மாதிரி சரிந்து இறங்கிவிடுவான்.

"கடையில விக்கிறதெல்லாம் தானா குந்துற புள்ளைங்களுக்குத்தாம்மா," என்றாள் அவனுக்கு தெரபி கொடுக்கும் கலைவாணி. "இவன் அளவுக்கு நீங்களே செஞ்சாத்தான் உண்டு."

"நானா?"

"இடுப்பு பின்னால பலகையில போய் ஒட்டிக்கணும். அதை மட்டும் புடிச்சுக்குங்க, மத்ததெல்லாம் வந்துடும்."

கலைமகள் சூப்பர்வைசரிடம் கேட்டு, உடைந்த பெட்டிகளின் பலகைகளை ஸ்கூட்டியில் கட்டி எடுத்துவந்தாள். அவள் புருஷன் அருள்முருகனுக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை. பிள்ளையை அவன் அதிகம் தூக்கமாட்டான். பாசம் இல்லாமல் இல்லை. தூக்கினால் அந்தத் தலை தொங்குவதை அவனால் பார்க்க முடியாது. "வேணாம் கலை, வீணா ஆசைப்படாத," என்பான். ரம்பச் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

முதலில் செய்ததில் அபி முன்பக்கமாக வழுக்கினான். உட்காரும் பலகையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினாள்; அப்போது பக்கவாட்டில் சாய்ந்தான். விலாவுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்து, ஃபோம் ஒட்டி, ரெக்சின் போர்த்தினாள். தொடைகளுக்கு நடுவே ஒரு கட்டை, மார்புக்கு ஒரு பெல்ட். பிரித்து, கோத்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அதில் வைத்து வாசல் பக்கம் திருப்பினாள்.

சரியவில்லை. தெருவில் போன பைக்கைத் திருப்பம் வரை அவன் கண்கள் தொடர்ந்தன. அடுத்த பைக்கையும். பின்னாலேயே ஒரு நாய் ஓடவும் கலகலவென்று சிரித்தான். பிள்ளைக்கு இத்தனை சத்தமாகச் சிரிக்க வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் ரசஞ்சோறு புரையேறாமல் உள்ளே இறங்கியது.

பிள்ளை வளர வளர நாற்காலியும் வளர்ந்தது. பழையதைப் பிரித்து, அதன் பலகைகளையும் சேர்த்துப் புதியதைச் செய்வாள். அவனுக்கு ஒன்பது வயதானபோது நான்காவதைச் செய்து முடித்தாள். நீல பெயின்ட் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அபிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அவன் திரும்பி வந்தது ஆம்புலன்ஸில், வெள்ளைத் துணிக்குள். அருள்முருகன்தான் இறக்கினான். தலை தொங்கிவிடாமல் முழங்கையில் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

புது நாற்காலி மூலையில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

சில மாதம் கழித்து ஜொசியான் வந்தாள். அவள் மகள் ஏஸ்தெலும் அபியோடு தெரபிக்கு வந்தவள்தான், அவனைவிடச் சின்னவள். ஜொசியான் வெகுநேரம் வேறு ஏதேதோ பேசினாள். பிறகுதான் மூலையைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவ இன்னும் படுத்தேதான் இருக்கா..."

"அது அபியோடது," என்றாள் கலைமகள். "நீ கெளம்பு."

அவள் போன பிறகு கலைமகளுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் ஒரு தடவைகூட உட்காராத நாற்காலியை யாருக்காகக் காக்கிறோம் என்று தோன்றியது. அடுத்த வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு ஜொசியான் வீட்டுக்குப் போய் ஏஸ்தெலை அளந்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பிரித்தாள். ஒவ்வொரு பலகையையும் குறைக்கவேண்டும். கோடு போட்டு ரம்பத்தை வைத்தாள். கை நகரவில்லை. அபியின் முதுகுக்கென்று அளந்து அறுத்த பலகை அது.

வாசலில் நின்றிருந்த அருள்முருகன் உள்ளே வந்து குந்தினான். பலகையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான்.

"நான் புடிச்சிக்கிறேன். நீ அறு."

அறுத்தாள். துண்டு தரையில் விழுந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் தடவிப்பார்த்தான்.

"இவ்ளோ வளந்துட்டானா கலை? நான் பாக்கவே இல்லியே," என்றவன் உடைந்து அழுதான். அபி போனபோதுகூட அவன் இப்படி அழவில்லை. அவளும் ரம்பத்தைப் போட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

நாற்காலியை இருவருமாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குழந்தையை அதில் உட்காரவைக்கும் வரை அவர்கள் நிற்கவில்லை. சாயங்காலம் போனில் வீடியோ வந்தது. ஏஸ்தெல் நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ பார்த்துச் சிரிக்கிறாள், பின்னால் ஜொசியானின் குரல் பிரெஞ்சில் நன்றி சொல்கிறது, "மெர்சி அக்கா, மெர்சி!" அருள்முருகன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கலைமகள் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜொசியான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஒரு நடை வந்து பாருங்கள் என்று. வரேன் வரேன் என்கிறாள் கலைமகள். இன்னும் போகவில்லை.